போஸ்டர் ஒட்டாத சுவரும் வழுக்கல் சாரும்

உலகமே எதையாவது ஒட்டவைக்கப் படாதபாடு படும்போது, எதுவும் ஒட்டவே கூடாது என்பதற்காக உயிரை விட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதர் எங்கள் வழுக்கல் சார்தான்!

அதிராம்பட்டினம் லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. ஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் நில உச்சவரம்பு ஆபீஸ் குமாஸ்தா. நாள் முழுக்கப் பண்ணையாரும் குத்தகைதாரரும் போடும் சண்டையைக் கேட்டு நொந்து வந்தால், வாசலிலேயே மறிப்பார்.

“உங்க ஆக்கிரமிப்பெல்லாம் என்னங்க! படகடியில கொட்டலசுன்னு ஒரு ஓட்டுப்பூச்சி பட்டா இல்லாம குடியேறுது. சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி அப்பிக்கிட்டுப் படகையே பிடிச்சு இழுக்குது!”

“விஷப் பெயிண்ட் அடிச்சா செத்துடுமே சார்?”

“கூடவே இறால் குஞ்சும் சாவுமே! கொல்லக் கூடாதுங்க. காலூன்ற விடாம வழுக்கி விடணும், அவ்வளவுதான்.”

குங்கிலியம், மெழுகு, புங்கெண்ணெய் என்று எதையெதையோ காய்ச்சுவார். விஷமில்லை என்று காட்ட விரலால் தொட்டு நக்குவார். முகம் அஷ்டகோணலாகும். “பாத்தீங்களா, உயிரோடதான் இருக்கேன்!”

முதலில் லாட்ஜ் சுவரில் பூசிப் பார்த்தார். தேர்தல் நேரம் வேறு. ஆளுங்கட்சி போஸ்டர் சரிந்து விழுந்தது. அதன்மேலேயே எதிர்க்கட்சி போஸ்டரும் விழுந்தது. “எவன்டா கிழிச்சது?” என்று இரு தரப்பும் சட்டையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நின்று சார் குதித்தார். “ஒட்டலை! ஒட்டவே இல்லை!”

ஆனால் கடலில் சோதிக்க யார் படகு தருவார்? காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதில் மரைக்காயர் ஒருவர் இரங்கினார். “இந்த ஒரு போட்டுதான் சார். கொட்டலசு ஒட்டுச்சோ, அப்புறம் துறைப்பக்கம் தலைகாட்டக் கூடாது.”

சில மாதம் கழித்து மரைக்காயர் மூச்சிரைக்க வந்தார். “என்ன சார் செஞ்சு வச்சீங்க? நேராப் போன்னா போட்டு சோத்தாங்கைப் பக்கமே திரும்புது! சுக்கான் பிடிச்சவனுக்குத் தோள்பட்டையே கழண்டுபோச்சு!”

“சோத்தாங்கைப் பக்கமா? நல்லாப் பாத்தீங்களா?” என்றவர் வேட்டியை மடித்துக்கட்டி ஓடினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

கரையேற்றிய படகின் வலப்பக்கம் முழுக்கக் கொட்டலசு. “போச்சு!” என்று தலையில் கைவைத்தார் மரைக்காயர். சார் அவரை இடப்பக்கம் இழுத்துப் போனார். அங்கே ஒன்றுகூட இல்லை. கழுவிக் கவிழ்த்த சோற்றுப்பானை மாதிரி இருந்தது.

“ஒப்பிட்டுப் பாக்கணும்ல பாய்? அதான் ஒரு பக்கம் மட்டும் அடிச்சேன்!”

மரைக்காயர் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட மனுஷா! மத்தப் பக்கத்தையும் இன்னைக்கே அடிங்க!”

சார் படகில் சாய்ந்து ‘ஓ’வென்று அழுதார். அந்தப் படகில் சாயவும் முடியாமல் இரண்டு முறை வழுக்கினார்.

இப்போதும் கடற்கரையில் நிற்கும்போது ஏதாவது ஒரு படகு லேசாக வலப்பக்கம் ஒதுங்கினால் போதும், சாரைக் கூப்பிட என் கால் தானாக லாட்ஜ் பக்கம் திரும்புகிறது.