வாண்டுவின் ஜூடோ குறித்து மாப்பிள்ளைக்கு, ஆறு பிரிவுகளில்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஒருவருக்கு மட்டும் இடுப்பு வலி. தாங்களும் தங்கள் கப்பலும் அதிக ஆட்டமில்லாமல் மிதந்துகொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேத்தி வாண்டுவை ஜூடோ போட்டி அணியில் சேர்க்கலாமா என்று என் மகள் கேட்டதற்கு, "மாமா என்ன சொல்றாரோ அதான் என் முடிவு" என்று தாங்கள் சொல்லிவிட்டீர்களாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வானிலை அலுவலகத்தில் காலம் தள்ளியவன். மழை பெய்யலாம் என்று சொல்வேனே தவிர, பெய்யும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் மாத முடிவுக்குள் ஜூடோ மாஸ்டருக்குப் பதில் சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் எழுதத் துணிகிறேன்:

1. குழந்தையின் திறமை
2. வீட்டுக்கு ஏற்பட்ட சேதம்
3. எனக்கு ஏற்பட்ட சேதம்
4. ஞாயிற்றுக்கிழமைப் போட்டி
5. அதில் தெரியவந்த குழந்தையின் சுபாவம்
6. என் முடிவு

முதலாவது, திறமை. இருக்கிறது. "ஏழு வயசுல இப்படி ஒரு உடும்புப் பிடியை நான் பார்த்ததே இல்ல சார்" என்று மாஸ்டர் சொல்கிறார். அவர் எல்லாப் பெற்றோரிடமும் அப்படிச் சொல்வாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வேறொரு பையனின் அப்பாவிடம் விசாரித்தேன். அவர் பையனைப் பற்றி மாஸ்டர், "நல்லா சாப்பிடறான்" என்று மட்டும் சொன்னாராம். ஆகவே திறமையை உண்மை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வீடு. கூடத்தில் இருந்த நாற்காலி, மேசை எல்லாம் சுவரோரம் போய்விட்டன. நடுவில் இரண்டு மெத்தை. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெத்தைமேல்தான் கால் வைக்க வேண்டும், வைத்தால் போச்சு. குழந்தையிடம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் எதிரே நின்று இடுப்பை வளைத்து வணங்குகிறாள், பிறகு "அங்கிள், உங்க சட்டையைப் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்கிறாள், யாராவது ஏழு வயதுக் குழந்தையிடம் வேண்டாம் என்பார்களா, தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவர் "பிடிச்சுக்கோ பாப்பா" என்றார், அடுத்த நொடி அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், கையிலிருந்த ஸ்பேனர் கண்ணாடி அலமாரிக்குள் போய்விட்டது. அந்த அலமாரி தங்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் காப்பீட்டு முகவர் வந்தார். அவரும் பிடிச்சுக்கோ என்றார், அவரும் விழுந்தார். படுத்தபடியே என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கா?" என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மறுக்க முடியாமல் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு இரண்டாவது பிரிவு முடிகிறது என்று நினைக்கிறேன். அல்லது காப்பீடு மூன்றாவதில் வர வேண்டுமோ, தெரியவில்லை.

ஏனென்றால் மூன்றாவது நான். பயிற்சிக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். தங்கள் மனைவி, "எனக்கு ஆபீஸ் இருக்கு. அப்பா சும்மாதானே இருக்கார்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாருக்கு வெயிட்டும் கம்மி, தூக்கச் சௌகரியம்" என்றார். அதன்பின் யாரும் என்னைக் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் குழந்தை என்னை வணங்குகிறாள். இந்த வீட்டில் வேறு யாரும் என்னை அப்படி வணங்குவதில்லை, அதற்காகவே போய் நிற்கிறேனோ என்னவோ. அப்புறம் விழுகிறேன். "தாத்தா, நீங்க விழுறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கறீங்க, அது தப்பு" என்கிறாள். நான் என்னம்மா பண்றது, கண் தானா மூடிக்குது.

நான்காவது, போட்டி. மாப்பிள்ளை, அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் பெண்ணைப் போட்டாள், இரண்டாவது பெண்ணைப் போட்டாள், மூன்றாவதாக வந்தது பையன், அவன் இவளைப் பார்த்ததுமே அவங்கம்மாகிட்ட ஓடிட்டான். இறுதிப் போட்டியில் வந்தவள் இவளைவிட ஒரு முழம் உயரம். வாண்டு அவளையும் சாய்த்து மேலே படுத்து அமுக்கிவிட்டாள். இன்னும் சில விநாடி அப்படியே பிடித்திருந்தால் தங்கப் பதக்கம். அந்தப் பெண் முகம் சிவந்து திணறுகிறது, நான் பார்வையாளர் பெஞ்சின் நுனிக்கே வந்துவிட்டேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. அப்போது, காரணமே இல்லாமல், வாண்டு பிடியை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த நொடி அந்தப் பெண் இவளைப் புரட்டிப்போட்டு அமுக்கிவிட்டது. அவ்வளவுதான், போச்சு. வரும் வழியில் குழந்தை வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாவது, சுபாவம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எதிராளி திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் கையை விட்ட மனசு அது. பிடி இரும்பு, மனசு வெண்ணெய். இப்படிப்பட்ட குழந்தையைப் போட்டி என்று அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிற நேரத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு இதே மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "பயம் உங்களுக்குத்தான்ப்பா, அவளுக்கு இல்ல" என்கிறாள் தங்கள் மனைவி. இருக்கலாம்.

ஆறாவது, முடிவு. வேண்டாம். விளையாட்டாகக் கற்றுக்கொள்ளட்டும்; போட்டி அணி வேண்டாம். நான் வாழ்க்கையில் ஒன்றை உறுதியாகச் சொல்வது இதுவே முதல் தடவை.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், கப்பலுக்கு நல்ல துறைமுகமும், வருகிறவர்களுக்கு மெத்தையைத் தாண்டி நடக்கும் புத்தியும் வாய்க்கட்டும்.

தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன், கசங்கலுக்கு மன்னிக்கவும். எதற்கும் கேட்டுவிடலாமே என்று குழந்தையைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு பாவம்னுதானேம்மா விட்டே?" என்றேன்.

"இல்லையே. நீங்கதானே தாத்தா தட்டினீங்க."

"நான் எங்கம்மா தட்டினேன்?"

"பெஞ்சுல. ரெண்டு தடவை. நீங்க தட்டுற சத்தம் எனக்குத் தெரியாதா?"

ஜூடோவில் பிடியில் அகப்பட்டவருக்குப் போதும், தோற்றுவிட்டேன் என்று தோன்றினால் உள்ளங்கையால் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய சத்தம் கேட்டால் பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். வீட்டில் அவள் என் சட்டையைத் தொட்டதுமே நான் தட்டிவிடுவது வழக்கம். அந்தக் கை, அன்று பதற்றத்தில், மேலே பெஞ்சில் உட்கார்ந்தபடியே தட்டியிருக்கிறது.

"மேல பெஞ்சுல இருக்கிறவன் தட்டினா விடணுமாம்மா?"

"தட்டினா விட்டுடணும்னுதான் மாஸ்டர் சொல்லியிருக்கார். உங்களுக்கு எங்கயோ வலிக்குதுன்னு நெனச்சேன்."

"அடுத்த தடவை உங்க தாத்தா கையைக் கட்டித்தான் கூட்டிட்டுப் போகணும்" என்று உள்ளேயிருந்து அவள் அம்மா குரல் வந்தது.

ஆகவே, மாப்பிள்ளை, சேர்த்துவிடுங்கள். ஐந்தாவது பிரிவு தவறு. அன்று தோல்வியை ஒப்புக்கொண்டது அவள் இல்லை, நான். அதுவும் பார்வையாளர் வரிசையிலிருந்து.