காரம் இல்லை, கசப்பு உண்டு

பூம்புகார்ப் பக்கம்,
12-9-1974

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஸ்ரீநிவாசனுக்கு, மாமனார் சாமா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். அங்கே அகிலாண்டமும் நீங்களும் முழங்கால் உள்பட சௌக்கியமாக இருக்கப் பகவான் பார்த்துக்கொள்வான்.

நிற்க. உங்கள் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வேலை நன்றாகவே நடக்கிறது. உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரைத் தொட்டியில் விட்டு, சிப்பிச் சுண்ணாம்பைத் தாராளமாகவே கரைத்து ஊற்றுகிறோம். அடியில் வெள்ளையாகத் தங்குவதை நம் வேலையாள் காத்தான் அலசி உலர்த்தி மூட்டை கட்டுகிறான். பட்டணத்து வயிற்றெரிச்சலுக்கெல்லாம் அதுதான் மருந்து என்கிறீர்கள். உள்ளூர் வயிற்றெரிச்சலுக்குத்தான் மருந்தைக் காணோம். ஏனென்றால் தொட்டியின் கழிவுத் தண்ணீர் விழுகிற வாய்க்கால் நேரே அம்சத்தின் வயலுக்குப் போகிறது. அந்த மூன்று மா நிலம் போன வருஷம் வரை நம்முடையது, நில உச்சவரம்புச் சட்டத்தில் போய் அவள் பேருக்குப் பட்டா ஆயிற்று, அதுவரை 'சாமி' என்றவள் இப்போது 'ஐயா' என்கிறாள். அவள் சம்பா நாற்று நுனி கருகினதும் ஊரே என்னைப் பார்க்கிறது, நிலம் போன ஆத்திரத்தில் நான் ஏதோ கலக்கிவிடுகிறேனாம்! பொய் சொல்வானேன் மாப்பிள்ளை, நாற்று கருகிற்று என்று கேட்ட முதல் நிமிஷம் எனக்கு வருத்தம் வரவில்லை. வரவில்லையே என்று அப்புறம்தான் வெட்கமாக இருந்தது.

அவள் மனுக் கொடுத்தாள், தாலுகா ஆபீசிலிருந்து படிவம் வந்தது. இப்போ எல்லாம் செந்தமிழ்தானே. முப்பது வருஷம் இங்கிலீஷிலேயே குப்பை கொட்டினவனுக்கு அகராதி வேண்டியிருக்கு. மூணாவது கேள்வி, 'வெளியேறும் நீரில் காரம் உளதா?' நாம என்ன மிளகாயா அரைக்கிறோம்? ஆனாலும் சர்க்கார் கேட்டால் சோதிக்காமல் எழுதலாமா? நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், காத்தானும் பார்த்தான். துப்பிவிட்டு, "காரமெல்லாம் இல்லீங்க, கசப்புதான். நாக்குதான் வழவழன்னு போச்சு" என்றான். 'காரம் இல்லை. கசப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆகவே நம்மால் யாருக்கும் கெடுதல் இல்லை, நீங்கள் தாராளமாக இரண்டாவது தொட்டியும் கட்டலாம். உங்கள் மாமியார் மதுரமும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
சாமா

பி.கு.: கவரை ஒட்டுகிற சமயம் அம்சம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வாய்க்கால்ல முழுகினேங்க, மஞ்சக் கயிறு செவந்துபோச்சு. அவருக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்று அழுதாள். மதுரம் எட்டிப் பார்த்து, "மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா ஆரத்தி மாதிரி சிவக்காதா? இதுகூடவா தெரியாது உங்களுக்கு?" என்றாள், என்னைப் பார்த்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரம் என்றால் ஆல்கலி! வாய்க்கால் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு மஞ்சள்பொடி போட்டேன். கல்யாணத்துக்கே ஆரத்தி எடுக்கலாம். அம்சத்திடம், "உன் புருஷனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனது நாத்துக்குத்தான். தப்பு எங்களுது" என்றேன். படிவத்தில் 'இல்லை'யை அடித்து 'உளது' என்று எழுதிவிட்டேன். கழிவு போகிற வாயைக் காத்தான் மண் போட்டு அடைத்தான், முழங்காலைப் பார்க்காமல் நானும் இரண்டு கூடை போட்டேன். அந்தத் தண்ணீருக்கு வேறு வழி பண்ணாமல் இருக்கிற தொட்டியே ஓடாது, இரண்டாவதை மறந்துவிடுங்கள். மேலே எழுதினதில் ஆசீர்வாதம் மட்டும் செல்லும்.