பேதுருவைக் கோழை என்றவர்

"ஆசீர்வாதம் வீடு இதுதானே?"

கேட்ட ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பெரிய மீசையைப் பார்த்ததுமே ஆசீர்வாதம் ஓரடி பின்வாங்கினார்.

வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்ட பின், ஈப்போவில் பலகைக் கடையொன்றில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தவர் ஆசீர்வாதம். ஒரு தமிழ் வார இதழில் வேதாகமக் கட்டுரையும் எழுதிவந்தார். வினையே அதில்தான் வந்தது. ஏசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடர் பேதுருவைக் 'கோழை' என்று எழுதிவிட்டார்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 'சிம்பாங் பூலாய் சிந்தனையாளன்' என்ற புனைபெயரில் அதே இதழில் உடனே பாய்ந்தார். 'வீட்டில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். வாசலில் ஆள் வந்து நின்றால் உமக்கும் நாக்குப் புரளும்.'

ஆசீர்வாதம் சும்மா இருந்திருக்கலாம். 'எவர் வந்தாலும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன். துணிவிருந்தால் நேரில் வாரும்!' என்று வீட்டு விலாசத்தோடு போன வாரம் பதில் போட்டார்.

வந்தேவிட்டார்!

"அவரு இல்லைங்களே. நான் இங்க வாடகைக்கு இருக்கேன்" என்றார் ஆசீர்வாதம்.

"பரவால்லலா. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

"இன்னிக்கு வரமாட்டாரு! பாரிட் புந்தாருக்குப் போயிருக்காரு."

அந்த நேரம் பார்த்து மனைவி நவமணி காப்பியோடு வந்து, "யாருங்க வந்திருக்கா?" என்றாள்.

ஆசீர்வாதம் முந்திக்கொண்டார். "அக்கா, அண்ணன் பாரிட் புந்தாருக்குத்தானே போயிருக்காரு?"

நவமணி காப்பியை டொக்கென்று கீழே வைத்தாள். மீசைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த ஆசீர்வாதத்தை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"எனக்கா? சத்தியமா தெரியாதுங்க! மூஞ்சியக்கூடச் சரியாப் பாத்ததில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. அந்தக் கணத்தில் பேதுருவின் மேல் அவருக்கு அளவு கடந்த பாசம் பொங்கியது.

மீசைக்காரர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "சரி. ஒரு ஆளு நேர்ல வந்து, தைரியமா நின்னாருன்னு மட்டும் சொல்லிடுங்க." அடுத்த நொடி அவருடைய மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிப் பறந்தது.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சரிந்தார் ஆசீர்வாதம். செத்துப் பிழைத்தது போல இருந்தது.

"இருபது வருசம் குடும்பம் நடத்தினதுக்கு நான் உங்களுக்கு அக்காவா?" என்று நவமணி கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மீசைக்காரரின் அடிக்கு இந்த அடி தேவலை என்றிருந்தது அவருக்கு.

அப்போது தெருமுனைச் சாப்பாட்டுக்கடை ஷரபுதீன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னாண்ணே, அந்த மீசைக்காரரை என்ன பண்ணீங்க? 'ஆசீர்வாதம் அடிப்பாரா, அடிப்பாரா'ன்னு காலையிலேருந்து என் கடையில உக்காந்து நடுங்கிக்கிட்டிருந்தாரு. 'நீங்கதானே அவரை எதிர்த்து எழுதுற சிந்தனையாளன்?'னு கேட்டா, 'ஐயோ, எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது'ன்னுட்டாருலா!"