‘ஆயுள்’ அண்ணாச்சியின் மஞ்சள் அட்டை

‘ஆயுள் முழுக்க’ என்று சொல்லி ஒரு பொருளை விற்றவர்களில், அதைத் தானும் நம்பியவர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே. ஊருக்கு அவர் ‘ஆயுள்’ அண்ணாச்சி.

எண்பதுகளின் நடுவில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டடிக்கு எட்டடிக் கடை. கல்யாண நாதஸ்வரம், கோயில் கொடைக் கச்சேரி, வீட்டு ஆட்களின் பாட்டு என்று எதுவானாலும் கேசட்டில் பதிந்து தருவார். கூடவே ஒரு மஞ்சள் அட்டை. அதில் அச்சடித்திருந்தது இதுதான்: ‘இந்தப் பாட்டு உங்கள் ஆயுள் முழுக்கப் பாடும். நாடா அறுந்தாலும் மிஷின் மாறினாலும் நாங்களே புதிதாகப் பதிந்து தருவோம்.’ இதற்காகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து, பிஸ்கட் தகரங்களில் அடுக்கி வைத்திருந்தார்.

நான் அந்தக் கடையின் மாடியில் குடியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் போய்வருவேன். சாயங்காலம் திரும்பி வந்தால் பிடித்துக்கொள்வார்.

“கேசட்டெல்லாம் இன்னுங் கொஞ்ச காலந்தான் சார். பொறவு பாட்டு பொட்டு சைஸுக்கு வந்துரும். நெத்தியில ஒட்டுனா காதுல கேக்கும்.”

“ஆம்பளைக என்ன செய்றது?”

தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். “சந்தனம்.”

ஒரு நாள் மில் தொழிலாளி ஒருவர் பையைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து குடலைப் போல நாடா சரிந்தது. அவர் வளர்க்கிற கோம்பை நாய் கேசட்டைக் கடித்துக் குதறியிருந்தது.

“நாய் கடிச்சா கேரண்டி உண்டா அண்ணாச்சி?”

“நாயிக்குத்தான் கேரண்டி இல்ல. பாட்டுக்கு உண்டு,” என்று தகரத்தைத் திறந்தார்.

உண்மையான சிக்கல் மம்சாபுரத்திலிருந்து வந்தது. ஓர் அம்மா, இடுப்பில் கைக்குழந்தை, கையில் மஞ்சள் அட்டை. அட்டையில், பாடிப் பதிந்து வைத்திருந்த கணவர் பெயர் இருந்தது.

“அவிய போன மாசம் தவறிட்டாக. அவிய ஆயுளோட இதுவும் முடிஞ்சு போச்சா?”

அண்ணாச்சி அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கணவர் பெயரை அடித்தார். “ஒங்க பேரைச் சொல்லுங்க தாயி. இனிமே ஒங்க ஆயுள்.”

அந்த அம்மா விவரமானவர். “எம்பேரு எதுக்கு? இவ பேரை எழுதுங்க. இவளுக்கு எட்டு மாசந்தான் ஆகுது. ரொம்ப நாளு ஓடும்லா.”

எழுதிக் கொடுத்தார். செய்தி கூமாப்பட்டி வரை போயிற்று. அடுத்த மாதமே கடை வாசலில் தாய்மார்கள் குழந்தைகளோடு நின்றார்கள். போலியோ சொட்டு மருந்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து நர்ஸம்மா ஒருத்தர் உள்ளே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் கடைசியில் மிஷின் நிஜமாகவே மாறியது. சிடி வந்தது. ஆட்கள் அட்டையோடு வரத் தொடங்கினார்கள். அண்ணாச்சி ஸ்கூட்டரை விற்று, இன்னும் கொஞ்சம் பணம் போட்டு, மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பாட்டை மாற்றுவதற்கான சாப்ட்வேரும் கூடவே வந்தது. அதன் பெட்டியில் ‘லைஃப்டைம் லைசென்ஸ்’ என்று போட்டிருந்தது.

“பாத்தீயளா சார், நம்மளாட்டம் ஒருத்தன் இருக்கான்,” என்று அந்தப் பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒன்பதாவது மாதம் சாப்ட்வேர் திறக்க மறுத்தது. புதிய பதிப்பு வாங்கச் சொல்லித் திரையில் இங்கிலீஷில் எழுதி வந்தது. பெட்டிக்குள் இருந்த லைசென்ஸ் காகிதத்தை நான் படித்துச் சொன்னேன். இருபத்தெட்டுப் பக்கம். “ஒரு சத்தியத்துக்கு இம்புட்டு இங்கிலீஷா?” என்று கேட்டார். அவருடைய சத்தியம் இரண்டு வரி.

மறுநாள் இருவரும் மதுரைக்குப் போனோம். கடையில் டை கட்டிய பையன் பணிவாகத்தான் பேசினான்.

“லைஃப்டைம்னா யாரு லைஃப்டைம் தம்பி?”

“சாப்ட்வேரோட லைஃப்டைம் சார். அந்த வெர்ஷன் முடிஞ்சிருச்சு.”

“எத்தன வயசு?”

“ஒண்ணே முக்கால் வருஷம் இருக்கும் சார்.”

“பாவம், சின்ன வயசு,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. அப்புறம் சொன்னார்: “நாமளும் கேசட்டோட ஆயுளத்தான் சொன்னோம்னு சொல்லிப்புடலாம்லா சார்.”

“தாராளமாச் சொல்லலாம் அண்ணாச்சி. கேஸ் நிக்காது.”

“சொல்லலாம். ஆனா பச்சப் புள்ளைக பேரெல்லாம் எழுதிட்டனே.”

ஒரு மாதத்தில் கம்ப்யூட்டரை விற்றார். சாப்ட்வேர் எதுவும் கேட்காத, தானே சிடி பதிகிற ஒரு மிஷினைச் சென்னையிலிருந்து தேடி வாங்கி வந்தார். அதில் ஒரு சங்கடம். ஒரு மணி நேரப் பாட்டை மாற்ற முழுதாக ஒரு மணி நேரம் ஆகும். சத்தம் ஏறி இறங்குகிறதா என்று ஆள் பக்கத்திலேயே இருந்து கேட்க வேண்டும். முந்நூற்றுச் சொச்சம் அட்டைகளுக்கும் அப்படியே உட்கார்ந்து கேட்டார். மம்சாபுரத்துக் கைக்குழந்தை பாவாடை சட்டையில் வந்து, “கார்டு எம்பேருலதான் இருக்கு,” என்று அதிகாரமாகக் கையை நீட்டி, அப்பா பாட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

என் முறையும் வந்தது. என் கேசட்டில் இருந்தது நானே பாடிய பாட்டுகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடகனாகிவிடுவேன் என்ற நினைப்பில் அண்ணாச்சி எதிரிலேயே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பாடிப் பதிந்து வைத்திருந்தேன். என் மனைவி முதல் பாட்டின் பாதியில் அடுப்பைக் காரணம் சொல்லி எழுந்து போனவள். கூச்சத்தோடு கீழே இறங்கிப் போனேன். அண்ணாச்சி கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணாவது பாட்டுல இருமுறீய சார்.”

“அதை எடுத்துருங்களேன்.”

“வேண்டாம். இருக்கட்டும். நீங்கதான்னு தெரியணும்லா.”

என் பாட்டைக் கடைசிவரை கேட்ட ஒரே மனிதர் அவர். அதுவும் இரண்டு தடவை.