ஒன்பதாம் நம்பர் இப்ப வந்துடும்

“காரை அனுப்ப வேண்டாம்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடுன்னா பன்னிரண்டு இருபத்தஞ்சுக்கு வாசல்ல நிப்போம்னு சொல்லு,” என்றார் டைம் கீப்பர்.

மனைவி ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். “அதுக்கில்லைங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். பஸ்ல வர்றோம். வை.”

வைத்துவிட்டாள்.

மைத்துனி வீடு மாறி ஏழு மாதமாகிறது. டைம் கீப்பர் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மனைவி மட்டும் மாதம் இரண்டு முறை போய்வருவாள். சகலையின் காரில்தான் என்று அவர் கேட்காமலே முடிவு செய்திருந்தார். அந்தக் காரைப் பற்றி வீட்டில் பேச்சு எடுப்பதில்லை. ஒரு நாள் சகலை கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, “இப்பல்லாம் யாருண்ணே பஸ்ல ஏறுறாங்க?” என்று கேட்டுவிட்டார். பஸ் டிப்போவின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிய மனுஷரிடம் கேட்கிற கேள்வியா அது?

ஓய்வு பெற்ற இந்த எட்டு வருஷத்தில் அவர் தெருமுனையைத் தாண்டுவதே அபூர்வம். கேட்டால் முழங்காலைக் காட்டுவார். இன்றைக்குக் கிளம்பியதற்குக் காரணம், ஃபோனில் சகலை, “அண்ணனால பஸ்ல எல்லாம் வர முடியாது, பாவம்” என்று சொன்னது இவர் காதிலும் விழுந்ததுதான். அந்தப் ‘பாவம்’ அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

மார்க்கெட் முனைக்கு வந்து நின்றார்கள். பத்தரை மணி.

“பத்து நாற்பதுக்கு ஒன்பதாம் நம்பர். இப்ப வந்துடும்,” என்றார்.

பத்து நாற்பது ஆயிற்று. பத்து ஐம்பது ஆயிற்று. பதினொன்று ஐந்து ஆயிற்று.

“நான் ஒண்ணு சொல்லவாங்க?” என்றாள் மனைவி.

“பஸ் விஷயத்துல எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். டயர் கியர் வெடிச்சிருக்கும்.”

எதிரே ஃபோன் பழுதுபார்க்கிற கடைக்காரர் ரொம்ப நேரமாக இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்தார். “ஐயா, எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?”

“ஒன்பது.”

“ஒன்பதா? அது நின்னு அஞ்சு வருஷம் ஆச்சே!”

டைம் கீப்பருக்கு நெருங்கிய உறவில் யாரோ போய்ச்சேர்ந்து, அதை யாரும் தனக்குச் சொல்லாமல் விட்டதுபோல் இருந்தது.

“ஒரு நாளைக்குப் பதினாறு டிரிப்,” என்றார் கடைக்காரரிடம். “பள்ளிக்கூட வாசல்ல வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா பையைப் போட்டு இடம் பிடிப்பாங்க. ஒரு நாள் பையெல்லாம் ஏறிடுச்சு, பசங்க ஏறலை. டிரைவர் பாட்டுக்கு எடுத்துட்டாரு. நாற்பது பை டிப்போவுக்கு வந்து என் மேஜை மேல உட்கார்ந்துக்கிச்சு.”

கடைக்காரர் சிரித்துவிட்டுக் கடைக்குள் போனார். மனைவி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்படிக் கை வீசிப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“அது எந்த வழியா போகும்? எனக்கு மறந்தே போச்சு,” என்றாள்.

அவ்வளவுதான், மணிக்கூண்டு வரை நடந்தபடியே ஒன்பதாம் நம்பரின் பதினேழு நிறுத்தங்களையும் வரிசை தவறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். முழங்கால் ஞாபகமே வரவில்லை.

மணிக்கூண்டில் 22ஏ தயாராக நின்றது.

“பார்த்தியா? நம்ம 22ஏ! இது போதும்.” ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. “இப்ப இடது பக்கம் திரும்பும் பாரு.”

வலது பக்கம் திரும்பியது.

“ரோடு வேலை நடக்குது போல. சுத்திக்கிட்டு வருவான். இப்பப் பாலத்துக்கு அடியில போகும்.”

பாலத்துக்கு மேலே போனது.

கண்டக்டரம்மா டிக்கெட் கேட்டு வந்தாள். இவர் இடத்தைச் சொன்னதும் பரிதாபமாகப் பார்த்தாள். “ஐயா, இது அந்த 22ஏ இல்லை. அதை நிறுத்திட்டு, நம்பரை மட்டும் இதுக்குக் கொடுத்துட்டாங்க. இது எக்ஸ்பிரஸ். இனிமே புறவழிச் சாலையிலதான் நிக்கும்.”

“நம்பரை எப்படிம்மா இன்னொரு வண்டிக்குக் கொடுப்பாங்க?”

“என்னைக் கேட்டா?” என்றாள் அவள், நியாயமாகவே.

புறவழிச் சாலையில் இறங்கியபோது பன்னிரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.

“கவலையே படாதே,” என்றார், கவலையோடு. “பக்கத்துல பஞ்சாலை. பன்னிரண்டு பத்துக்கு ஷிப்ட் வண்டி, ஆறாம் நம்பர்.”

பஞ்சாலை இருந்த இடத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு நின்றது. பழைய நிழற்குடை மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. மனைவி பையிலிருந்து தண்ணீரை எடுத்து நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து குடையை விரித்தாள்.

“கல்யாணமான புதுசுல, பழைய வீட்டிலேருந்து உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஒன்பதுலதான் வருவேன். ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? பன்னிரண்டு முப்பத்தாறுக்கு வண்டி உள்ளே வரும். நீ முன் படியில இறங்குவே.”

“ஒரு நாள் வண்டி மூணு நிமிஷம் லேட்டு. அந்த டிரைவருக்கு நீங்க மெமோ கொடுத்தீங்க.”

“ஆமா. காரணம் கேட்டேன், வாயைத் திறக்கலை. அழுத்தக்காரன்.”

“நான் தூக்குச்சட்டியோட ஓடி வர்றதைப் பார்த்துட்டு எனக்காகத்தான் நிறுத்தினார்.”

டைம் கீப்பர் தண்ணீர் பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார். “ஏன் அப்பவே சொல்லலை?”

“சொல்லியிருந்தா எனக்கும் ஒரு மெமோ கொடுத்திருப்பீங்க.”

முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் பாட்டிலை எடுத்து மூடினார். “நல்ல மனுஷன்,” என்றார். “மழைக்காலத்துல அவர் சீட்டுக்கு மேல கூரை ஒழுகும். தோள்ல ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கிட்டு ஓட்டுவார்.”

ஒன்று முப்பதுக்கு ஆள் இல்லாத பஸ் ஒன்று வந்தது. டைம் கீப்பர் நடுச்சாலைக்கே போய்க் கைகாட்டினார். நரைத்த மீசை டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“டைம் கீப்பர் ஐயா! நீங்களா? எனக்குப் பதினோரு மெமோ கொடுத்தீங்களே!”

டைம் கீப்பர் ஓரடி பின்வாங்கினார்.

“அட, ஏறுங்க ஐயா! நீங்க போனப்புறம் யார் வந்தது, யார் போனதுன்னு கேட்கவே ஆள் இல்லை. எல்லாத்தையும் மெஷினே பார்த்துக்குது. டிப்போவுக்குத்தான் போறேன்.”

“டிப்போவா? ரொம்ப நல்லதாப் போச்சு! அங்கேருந்து முப்பத்தொண்ணு நேரா மைத்துனி வீட்டுப் பக்கம்தான்.”

வழியெல்லாம் டிரைவரும் அவரும் பேசித் தீர்த்தார்கள். டிப்போ வாசலில் இறக்கிவிடும்போதுதான் டிரைவர், “முப்பத்தொண்ணை நிறுத்தியாச்சே ஐயா, தெரியாதா?” என்றார்.

டைம் கீப்பர் சுற்றிலும் பார்த்தார். டிப்போவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீட்டு மொட்டை மாடி தெரிந்தது. காலையில் காயப்போட்ட அவருடைய வேட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“துணி காஞ்சிடுச்சு,” என்றாள் மனைவி.

அவர் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “வீட்டுக்கே போயிடலாம். உன் தங்கச்சிக்கு ஃபோன் போட்டு, அண்ணனால முடியலை, பாவம்னு சொல்லிடு.”

“நல்லா இருக்கே! இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்பிப் போறதா?”

அவளே ஒரு டாக்சியை நிறுத்தினாள். ஏறியதும் அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “முப்பத்தொண்ணு எந்த வழியா போகும்?” என்று கேட்டாள். முதல் இரண்டு நிறுத்தங்களை முனகலாகச் சொன்னார். மூன்றாவதிலிருந்து குரல் ஏறியது. கடைசி நிறுத்தத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மைத்துனி வீடு வந்துவிட்டது.

மணி இரண்டு இருபது. மைத்துனி கதவைத் திறந்தாள். பின்னால் சகலை, கையில் சாவியோடு, தேடிக் கிளம்புகிற அவசரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

டைம் கீப்பர் தொண்டையைச் செருமினார். “தப்பு என் மேலதான்மா. இந்தப் பக்கம் வர்ற பஸ்ஸையெல்லாம் ஒண்ணு விடாம நிறுத்திட்டாங்க. உங்க அக்காவுக்குத்தான் பாவம், அலைச்சல்...”

மைத்துனி ஒன்றும் புரியாமல் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன்க்கா, எப்பவும் உங்க தெருமுனையில பதினெட்டாம் நம்பர் ஏறி இருபது நிமிஷத்துல வந்துடுவியே, இன்னிக்கு அது ஓடலையா?”