பம்ப் அடித்த பட்டாளம்

தன் உடம்பை ஒருநாளும் வளைக்காமல் ஒரு பட்டாளத்தையே பயில்வான்களாக்கிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான். அவன் கோட்டூர்புரத்தில் என் அறைத்தோழன். பெருங்குடியில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். கம்ப்யூட்டரில் மலையைக் குடைந்து கோட்டை கட்டும் விளையாட்டே கதியென்று கிடந்ததால், பெயர் கோட்டை.

மாடி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். திரையிலிருக்கும் சிப்பாய்களையோ பிழிந்தெடுப்பான். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் கத்தியைப் போட்டுவிட்டு பம்ப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சி, கோட்டையில தண்ணிப் பஞ்சமா?"

"தண்ணியே வராது. சும்மா அடிக்கிறாங்க. கத்தி சுத்துனா வித்தை வரும். பம்ப் அடிச்சாதான் ஒடம்புல பலம் ஏறும்."

"யார் சொன்னது?"

"பாத்துக்கினே இருந்தேன்."

அதில் ஒருவன் நாலு அடி அடித்ததும் சுருண்டு படுப்பான். அவனுக்கு சோனி என்று பெயர் வைத்திருந்தான். பட்டாளத்திலிருந்து தூக்கிவிடேன் என்றேன்.

"ஏன் இப்டி கீறான்னு தெரிய வேணாமா?"

சோனிக்கு மட்டும் கொஞ்சம் வேலை, நிறைய ஓய்வு. மெல்லத் தேறினான். ஆபீஸ் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "சோனி எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார்கள்.

ஒரு ஞாயிறு மதியம் எதிரிகள் வந்துவிட்டார்கள். நம் பயில்வான்களுக்கு பலம் இருந்தது, கத்தி பிடிக்கத்தான் மறந்துபோயிருந்தது. எல்லோரும் உள்ளே ஓட, வாசல் கதவு மூடும்வரை தனியாக நின்று தாங்கியவன் சோனி. கோட்டை பிழைத்தது. சோனி பிழைக்கவில்லை.

மறுநாள் கோட்டை எங்கள் மேனேஜருக்கு போன் போட்டான்.

"லீவு வேணும் சார். சோனி போய்ட்டான்."

தம்பி போலிருக்கிறது என்று நினைத்து மாலையில் மேனேஜரே துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். கோட்டைக்குப் பொய் வராது. கம்ப்யூட்டரைத் திறந்து சமாதியைக் காட்டினான். மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பம்ப் அடிக்கிறதோட கத்தியும் பாதி நேரம் பழக்கியிருந்தா?"

ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் எழுந்து போனார்.

அடுத்து அவன் கட்டிய கோட்டையில் ஆட்களுக்கு எங்கள் ஆபீஸ்காரர்களின் பெயர்கள். மேனேஜர்கூட பம்ப் அடித்தார். நான் மட்டும் கோட்டைச் சமையலறையில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மனசே ஆறவில்லை.

"பட்டாளத்துக்கு நான் லாயக்கில்லையா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சண்டை வந்தா கதவாண்ட நிக்கிறவன்தான் மொதல்ல போறான் மச்சி. சமையக்கட்டு ரொம்ப உள்ள கீது."