இன்னும் பழைய வெர்ஷன்லயா இருக்கீங்க?

நம் மத்தியில் ஓர் இனம் நடமாடுகிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் இந்த இனத்துக்குக் கை துறுதுறுக்கும். பழுதான பொருளின் பக்கம் திரும்பியே பார்க்காது. பழுதானதைச் சரிசெய்வதில் என்ன பெரிய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குவதற்காகவே பிறந்த இனம் இது. நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் அப்கிரேடு ஆசாமி.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். காதுகுத்து வீட்டுப் பந்தியில் நீங்கள் ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து இலைக்காரர் உங்கள் போனைத் தன் இடது கையால் எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, எதையோ படித்துவிட்டு, நாடி பார்த்த வைத்தியர் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்: "இன்னும் பழைய வெர்ஷன்லயா இருக்கீங்க?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த ரசம் உங்களுக்கு ருசிக்காது. ஏதோ பத்து வருடமாக ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு திரிந்ததுபோல ஓர் அவமானம். துக்க வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கேட்டது, அழுதுகொண்டிருந்த மூத்த மகனிடம்.

அப்படிக் கேட்டவர் பெயர் ஆத்மநாதன். ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர். அரிமளத்தில் எங்கள் அடுத்த தெருவில் குடியிருக்கிறார். நான் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கோபிநாத். ஜெராக்ஸ் என்பது போர்டில் இருப்பது. உண்மையில் பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட் என்று ஊரின் ஆன்லைன் வேலையில் பாதி என் மேஜைமேல் இருக்கும் ஒரே ஒரு லேப்டாப் வழியாகத்தான் நடக்கிறது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு ஆறு வருடம் ஓட்டியிருக்கிறேன். இது உலகம் முழுக்கப் பலர் கூடி எழுதியது, இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே கை வைத்து மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கடைசி வாசகத்தை ஆத்மநாதன் சார் தன் பெயருக்கு வந்த அழைப்பிதழாக எடுத்துக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு ஒரே ஒரு ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். ஒரே ஒரு ஆதார் கார்டு! அது மிஷினுக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் அவர் கண் என் திரையின் ஓரத்துக்குப் போய்விட்டது.

"கோபி, இன்னும் பழைய வெர்ஷன்லயா இருக்கீங்க?"

"நல்லாத்தானே சார் ஓடுது."

"ஓடுறது வேற, பறக்குறது வேற. இங்கிட்டு தள்ளுங்க. ரெண்டே நிமிசம்."

நான் தள்ளி உட்கார்ந்தேன். இதை எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஏன் தள்ளி உட்கார்ந்தேன்? படித்தவர் சொல்கிறார், வேண்டாம் என்றால் பட்டிக்காட்டான் என்று நினைத்துக்கொள்வாரே என்ற ஒரு கூச்சம்தான். அப்கிரேடு ஆசாமிகள் வாழ்வதே நம்முடைய இந்தக் கூச்சத்தில்தான். திரையில் நீளமாக ஏதோ எழுதி, கடைசியில் 'சரியா?' என்று கேட்டது. அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் அவர் 'சரி' என்று தட்டினார். மறுபடி கேட்டது. மறுபடி தட்டினார். கம்ப்யூட்டர் எழுதுவதைப் படிப்பது கற்றுக்குட்டிகளின் வேலை என்பது அந்த இனத்தின் முதல் கொள்கை.

இரண்டு நிமிடம் என்றால் அவர்கள் கணக்கில் இரண்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் போயிருந்தபோது, வல்லத்திராக்கோட்டை பஸ்ஸிலிருந்து முனியாயி அக்கா இறங்கினார்.

முனியாயி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். அஞ்சாம் வகுப்பு படித்தவர். வீட்டில் செவலை என்று ஒரு காளை வளர்க்கிறார். வளர்க்கிறார் என்பது சாதாரண வார்த்தை. தான் சாப்பிட மறந்த நாள் உண்டு, அதற்குப் பருத்திக்கொட்டை வைக்க மறந்த நாள் இல்லை. ஜல்லிக்கட்டில் காளையை அவிழ்க்க இப்போதெல்லாம் ஆன்லைனில் பதிந்து டோக்கன் வாங்க வேண்டும். போன வருடம் போட்டோ தெளிவாக இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஊர்க் காளை எல்லாம் வாடிவாசலில் சீறிக்கொண்டு போக, செவலை மட்டும் கட்டுத்தறியில் நின்று சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்ததாம். அக்கா அன்றைக்கு அழுததை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

அதனால் இந்த வருடம் முந்தின நாளே நான் நேரில் போய்ப் படம் எடுத்தேன். கொம்பு, திமில், உரிமையாளர் முகம் மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். செவலைக்கு என் முகம் பிடிக்கவில்லை. மூன்று மணி நேரம் என்னை வைக்கோல்போரைச் சுற்றி ஓடவிட்டுத்தான் ஒரே ஒரு படத்துக்கு நின்றது. அதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று அங்கிருந்து அழித்துவிட்ட புத்திசாலியும் நான்தான். ஆக, படம் இருந்தது உலகத்திலேயே ஒரே இடத்தில். பதிவு முடியும் நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி.

"என்ன தம்பி, மாட்டுப் பதிவு போட்டுறலாமா?" என்று அக்கா பையைப் பிரித்து, மாட்டு டாக்டர் கொடுத்த சான்றிதழை வெளியே எடுத்தார்.

"ரெண்டே நிமிசம்க்கா" என்றேன். அந்த வியாதி என்னையும் தொற்றியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அப்கிரேடு முடிந்து புதுத் திரை வந்தது. தலைகீழாக வந்தது. நான் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, சார் எக்கி எக்கிக் கமாண்டு அடித்தார். திரை நேரானது, சத்தம் போனது. சத்தத்தை மீட்டார், அம்புக்குறி காணாமல் போனது. அம்புக்குறியைக் கண்டுபிடித்தார், வலப்பக்கம் இழுத்தால் அது இடப்பக்கம் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். ஒரு காரணத்திலும் அவர் பெயர் வரவில்லை. "இது நம்ம தப்பில்ல கோபி. இத எழுதுனவன் தப்பு" என்றார். எழுதியவன் எந்த நாட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தானோ, பாவம்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் ஒரு வழியாக அடங்கியது. அந்த நேரம் பார்த்து அவருக்குத் தமிழ்ப்பற்று பொங்கியது.

"தமிழ்நாட்டுல கடை. வர்றவங்க தமிழ். மெனு மட்டும் இங்கிலீசா? அசிங்கமா இல்ல?"

எனக்கு அதுவரை அசிங்கமாக இல்லை. அவர் கேட்டதும் இருந்தது. தள்ளி உட்கார்ந்தேன். மெனுவைத் தமிழாக்கினார், கீபோர்டிலும் தமிழை முதலில் ஏற்றி இங்கிலீஷைக் கீழே தள்ளினார், லேப்டாப்பை ஒருமுறை அணைத்துப் போட்டார், அதன் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். திரை வந்தது. அழகுத் தமிழில் கடவுச்சொல் கேட்டது. நான் தட்டினேன். 'பொருந்தவில்லை' என்றது.

என் பாஸ்வேர்டு என் மனைவியின் பெயர். பிரகதீஸ்வரி. இங்கிலீஷ் எழுத்தில்.

"நல்லா யோசிங்க. 'டி'க்குப் பின்னாடி 'ஹெச்' போட்டீங்களா?"

"ஆறு வருசமா போட்டுத்தான சார் தொறக்குறேன்."

"பதட்டத்துல மறந்துருப்பீங்க. நகருங்க."

பிரகதீஸ்வரி என்ற பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இப்போது தெரியும். 'பி' போட்டும் 'பிஎச்' போட்டும், இரண்டு 'இ' வைத்தும் ஓர் 'ஐ' வைத்தும், 'வி'க்குப் பதில் 'டபிள்யூ' போட்டும், நாற்பது விதமாக எழுதினோம். எழுதியது ஒவ்வொன்றும் திரையில் கறுப்புப் புள்ளிகளாகவே விழுந்தது, பொருந்தவில்லை. கடைசியில் சார் என் போனை வாங்கி என் மனைவிக்கே போட்டு, "தங்கச்சி, ஒங்க பேருக்கு ஸ்பெல்லிங் என்ன?" என்று கேட்டார். போன் என்னிடம் திரும்பி வந்தது.

"பதினஞ்சு வருசமா எம்பேர எழுதத் தெரியாமத்தான் குடும்பம் நடத்துனீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

மணி மூன்றரை. முனியாயி அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் இன்னொரு கடை இருக்கிறது. ஆனால் வரிசை ரோடு வரைக்கும் நின்றது, போனாலும் படம் இங்கேதானே இருக்கிறது? "தம்பி, இந்த வருசமும் செவலைக்கு இல்லயா?" என்று ஒருமுறை கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

சார் திரையைப் போட்டோ எடுத்து ஏதோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். யாரோ ஒருவர், 'படத்தில் கீழே எழுதியிருப்பதைப் படித்தீர்களா?' என்று பதில் அனுப்பியிருந்தார். "இவனெல்லாம் நமக்குச் சொல்லித் தர வந்துட்டான்" என்று அந்த ஆளைக் குழுவிலிருந்தே நீக்கினார். அட்மின் இவர்தான்.

நாலரைக்குத் தீர்ப்பு வந்தது. "பாஸ்வேர்டு ஃபைலே கெட்டுப்போச்சு. பூரா அழிச்சிட்டுப் புதுசா போட்டுருவோம். ரெண்டே நிமிசம்."

"சார், மாட்டுப் படம்!"

"பேக்கப் இருக்கும்ல?"

"இல்ல சார். படத்த மட்டுமாவது காப்பி பண்ண முடியாதா?"

"பண்ணலாம். என் பென் டிரைவ்ல ஒரு லினக்ஸ் இருக்கு, அத வச்சு லேப்டாப்பத் தொறந்து எடுக்கலாம். ஆனா அதுல இருக்குறது பழைய வெர்ஷன். மொதல்ல அத அப்கிரேடு பண்ணணும்."

சொல்லிக்கொண்டே பென் டிரைவை எடுத்துச் செருகப் போனார். அப்போதுதான் முனியாயி அக்கா எழுந்து வந்து, லேப்டாப்புக்கும் அவர் கைக்கும் நடுவில் தன் மஞ்சள் பையை வைத்தார்.

"சாரு, கொஞ்சம் பொறுங்க. நீங்க தட்டுனது இங்கிலீசு எழுத்தா, தமிழ் எழுத்தா?"

"இங்கிலீசுதான். பாஸ்வேர்டு இங்கிலீசு."

"இங்க மூலையில 'தமிழ்'னு போட்டுருக்கே."

"அது சும்மாக்கா. அப்புடித்தான் போடும்."

"அடியில 'விசைப்பலகையின் மொழியைச் சரிபார்க்கவும்'னும் போட்டுருக்கே. மத்தியானத்துலேர்ந்து அதத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். வெசப்பலகைன்னா எனக்கு என்னன்னு தெரியாது. மொழின்னா தெரியும்ல?"

நான் மூலையில் இருந்த 'தமிழ்' என்ற சொல்லைத் தட்டினேன். 'ஆங்கிலம்' என்று மாறியது. என் மனைவியின் பெயரை, ஆறு வருடமாக எழுதிய அதே எழுத்தில் எழுதினேன். திறந்துகொண்டது. அத்தனை நேரமும் நாங்கள் இங்கிலீஷ் என்று நினைத்துத் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கறுப்புப் புள்ளிகளுக்கு அடியில் தமிழாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது!

படம் இருந்தது. கொம்பு, திமில், அக்காவின் முகம், மூன்றும் இருந்தன. அக்காவின் போனுக்கு ஓடிபி வந்தபோது நாலு ஐம்பத்தாறு. அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, தட்டினேன். பதிவானது. பிரிண்டைக் கையில் வாங்கிய அக்கா செவலையின் படத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஆத்மநாதன் சார் வெட்கப்பட்டிருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது என்று பொருள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

"பாத்தீங்களா கோபி? நான் தமிழ்ல மாத்தி வச்சதாலதான அக்காவால படிக்க முடிஞ்சுச்சு!"

மறுக்க முடியுமா? முடியாது. எனக்கே ஒரு நொடி நன்றி சொல்லத் தோன்றியது. அக்காதான் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"சாரு, எங்க வீட்டுப் பக்கம் வந்தா காப்பித்தண்ணி சாப்புட்டுப் போங்க. ஆனா எம்மாட்ட மட்டும் தொட்றாதீங்க. அது பழசாவே இருக்கட்டும்."

நீங்கள் இதுவரை ஆத்மநாதனைப் பார்த்துச் சிரித்தீர்கள். நல்லது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று அந்தத் தமிழ் வரிக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த இரண்டு படித்தவர்களில் நானும் ஒருவன், நானும் அதைப் படிக்கவில்லை. உங்கள் போனிலும் போன வாரம் ஏதோ ஒன்று நீளமாக எழுதிவந்து, கடைசியில் 'சரியா?' என்று கேட்டிருக்கும். என்ன எழுதியிருந்தது என்று கொஞ்சம் சொல்லுங்களேன். நினைவில்லையா? ஆனால் 'சரி' என்று தட்டியது மட்டும் நினைவிருக்கிறது, இல்லையா?

இங்கிட்டு வாங்க. ஆத்மநாதன் சாருக்குப் பக்கத்தில், எனக்குப் பக்கத்தில், உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன்.